வதிவிடச் சான்று

மூன்றாவது வங்கியிலும்
ஏசி குளிர்தான் முதலில் வரவேற்றது.
டோக்கன் நூற்றுப் பதினேழு.
காவலாளி விமலசேன
வருகிற ஒவ்வொருவருக்கும் கதவைத் திறந்து
கொஞ்சம் வெயிலையும் உள்ளே விடுகிறார்.

முதலாவது கொள்ளுப்பிட்டியில்.
டாலர் கணக்கைத் தொடங்க அவர்கள் கேட்ட பணத்தில்
கோவில்பட்டியில் என் தம்பி ஒரு வண்டி வாங்கிவிடுவான்.
இரண்டாவது கோட்டையில்,
பித்தளைக் கைப்பிடி, உயரக் கூரை, நல்ல வட்டி.
ஊருக்குப் பணம் அனுப்ப ஒரு கட்டணம்,
அங்கே அதை வாங்க ஒரு கட்டணம்,
நடுவில் பெயர் தெரியாத யாருக்கோ
இன்னொன்று.

அலுவலகத்தில் ருவந்தி,
ஆப் நன்றாக வேலை செய்கிற வங்கியாகப் பார் என்றாள்.
இஃப்திகாருக்கு
ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்தால் போதும்.
வெள்ளவத்தையில் கீழ்வீட்டு ஜெயசோதி அக்கா மட்டும்
மீன் கழுவிய கையைத் துடைக்காமல் சொன்னார்:
"எதிலயெண்டாலும் போடுங்கோ.
முழுக்க ஒண்டில போடாதேங்கோ."
வரிசையில் நின்ற அந்த வருஷத்தைப் பற்றி
அதற்கு மேல் அவர் கதைக்கவில்லை.

நூற்றுப் பதினேழு.
சட்டையில் பஸ்லியா என்று பெயர்.
படிவம் மூன்று மொழிகளில்.
என் மொழியில் இருப்பதைத்தான்
இரண்டு முறை வாசிக்கிறேன்.
வதிவிடம்னா என்ன?
"நீங்க ஈக்கிற எடம்."
எங்க ஊர்ல இந்த வார்த்தை கிடையாது.
"அப்ப அங்க எல்லாரும் எங்க ஈக்கிற?"
சிரிக்காமல் கேட்டாள்.
பிறகு சிரித்தாள்.

தண்ணீர் பில் வீட்டுக்காரர் பெயரில்.
மின்சாரம், செத்துப்போன அவர் அண்ணன் பெயரில்.
என் பெயரில் இருப்பது வாடகை ஒப்பந்தம் ஒன்றுதான்,
அதிலும் ஒரு எழுத்துப் பிழை.
வேலை வீசா, கம்பெனிக் கடிதம்,
பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களும், வெற்றுப் பக்கங்கள் உட்பட.
அதில் குடும்பப் பெயர் என்ற இடத்தில்
அப்பா இருக்கிறார்.
எனவே கணினியிலும் அவரே இருப்பார் என்றாள் பஸ்லியா,
மாற்ற வழியில்லை, சிஸ்டம்.

அடுத்து, பின்னுரித்தாளர்.
அதையும் கேட்க வேண்டியிருந்தது.
"நீங்க இல்லாட்டி சல்லி யாருக்கு?"
நான் எழுதியதைப் பார்த்துப் பேனாவை நிறுத்தினாள்:
கணக்குக்காரர் மாடசாமி.
அவருக்குப் பிறகு மாடசாமி.

வட்டி இங்கே குறைவுதான்.
கட்டணம் அப்படியொன்றும் மலிவில்லை.
பிறகேன் இந்த வங்கி என்றால்,
என் அரை நாள் லீவு முடிந்துவிட்டது.
இன்னொரு கதவைத் தள்ள முடியவில்லை.
அவள் கேட்ட அந்தக் கேள்வியும் ஒரு காரணமாக இருக்கலாம்,
தெரியாது.

காலி வீதியில் நூறாம் இலக்க பஸ்ஸின் படியில்
ஒரு காலில் நிற்கும்போது போன் துடித்தது:
அன்பின் மாடசாமி,
உங்கள் கணக்கின் மீதி ரூபா 5,000.

அதை அப்படியே அப்பாவுக்கு அனுப்பினேன்.
பம்பலப்பிட்டி தாண்டுவதற்குள் கூப்பிட்டுவிட்டார்.
"எம்பேர்ல எவன் பணம் போட்டது?"
சொன்னேன். சிரித்தார், இருமினார்.
கொஞ்ச நேரம் கழித்து,
தீப்பெட்டி ஆபீசில் கூலி எண்ணி வாங்கிய குரலில்:

"சரி தாயி, ரூவாங்கிற.
எந்த ரூவா?"