பொருள் எண் ஏழு

கடற்சுவரை நாற்பது செண்டிமீட்டர் உயர்த்துவது.
அதற்கு முன், ஆறாவது, படகு நிறுத்தக் கட்டணம்;
அதற்கே ஒன்றரை மணி நேரம் போயிற்று.

பொறியாளர் யெப்பெ வரைபடத்தை விரித்து
மூலைக்கொரு காபிக் கோப்பை வைத்தார்.
சிவப்புக் கோடு துறைமுகத்தில் கிளம்பி
மீன் கிடங்கைச் சுற்றி வந்து
கடற்கரைத் தெரு முப்பத்தொன்றோடு திரும்பிவிட்டது.
முப்பத்து மூன்று வெளியே.

"இன்னும் நீட்டினால்
இரண்டு மில்லியன் குரோனர் துண்டு விழும்" என்றார்,
யாரும் கேட்காமலே.

முப்பத்து மூன்றில் குடியிருப்பவர்
உறுப்பினர் விபெகே ஆஸ்ட்ரூப்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
வடகடல் காற்று கொடிக்கம்பத்துக் கயிற்றை
டக், டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

விலகியிருக்கலாம், விதியில் இடமுண்டு என்றேன்.
கேட்டதாகத் தெரியவில்லை.

ஆதரவு நான்கு. எதிர்ப்பு நான்கு.
பிறகு அவர் கை.
முழங்கை மேசையைவிட்டு எழவில்லை;
விரல்கள் மட்டும்.
இதை எண்ணலாமா என்பதுபோலத்
தலைவர் என்னைப் பார்த்தார்.
எண்ணினேன்.

குறிப்பேட்டில் நான் எழுதியது:
ஐந்துக்கு நான்கு. நிறைவேறியது.
விரல்களுக்கு அதில் பத்தி இல்லை.

பொருள் எண் எட்டு, நூலகக் கூரை ஒழுகல்.
முதலில் பேசியவர் விபெகே ஆஸ்ட்ரூப்:
"மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும்."