எர்த் கம்பி

சுவிட்ச் இரண்டு. முதலாவதைப் போட்டுவிட்டு
ஒரு நிமிஷம் சும்மா இருக்க வேண்டும்.
வால்வ் நான்கும் முதலில் இருட்டாய், பிறகு
யாரோ உள்ளே சுருட்டுப் பற்றவைத்தது போல.
அதற்குப் பிறகுதான் இரண்டாவது.
ராயப்பன் கேட்க மாட்டான்.
மேடையேறியதும் இரண்டையும் ஒன்றாய்த் தட்டுவான்,
கடைசி பஸ்ஸைப் பிடிக்கிறவன் மாதிரி.

போகவந்தலாவையில் மூடிப்போன கிளப் ஒன்றின்
ஏலத்தில் வந்தது இந்த அம்ப்.
பிள்ளைக் காம்பராவில் ஐந்து மாதச் சம்பளம்,
மிச்சம் சீட்டுக் காசு.
லயத்துப் படியில் தூக்கி ஏற்றும்போது
"பிணக்கனம்" என்றார் பக்கத்துக் காம்பரா டொமினிக்.

இங்கே மழை தகரத்தின் மேல் மட்டும் பெய்வதில்லை.
வொலியூம் குமிழுக்குள்ளும் பெய்கிறது.
திருப்பினால் அப்பளம் நொறுங்கும்.
ஸ்ப்ரே அடித்து, இருபது தடவை இப்படியும் அப்படியும்.
பின்பலகைக்குள் ஒரு துணிப்பையில்
டஸ்ட் தேயிலை தொங்கவிட்டிருக்கிறேன்;
ஈரத்தை அது குடித்துக்கொள்ளும்.
மூன்றாவது பாட்டில் சூடு ஏறியதும்
மேடையெல்லாம் தேத்தண்ணி வாசம்.
கல்யாண வீட்டார் சமையல் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஃபியூஸ் போனால் சிகரெட் வெள்ளித்தாள் சுற்றக் கூடாது.
ராயப்பன் சுற்றினான்.
புது டிரான்ஸ்போமர், கண்டி, பதினெட்டாயிரம்.
வேறு பேச்சு வேண்டாம்.

ஆனால் முனகல்.
அதற்கு மட்டும் மருந்து கிடைக்கவில்லை.
தந்திகளில் கை வைத்தால் அடங்கும்,
எடுத்தால் தொடங்கும்,
மத்தியானம் நான் தட்டித் தூங்கவைக்கும்
கைப்பிள்ளைகள் போலவே.
மைக்கில் உதடு பட்டால் சுரீர்.
செருப்போடு பாடு என்றார்கள். பாடினேன்.

ஹட்டனிலிருந்து வந்த வயர்மேன் புவனேந்திரன்
பிளக் பொயின்ட்டைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தான்.
மூன்றாவது துளைக்குப் பின்னால் வெறும் சுவர்.
"அக்கா, ஒங்க லயத்துக்கே எர்த் இல்ல."
எர்த்துன்னா?
"மண்ணுதான்."
அது தெரிஞ்ச விஷயம்தானே, என்றேன்.
"இவ்வளவு நாளும் ஒங்க ஒடம்புதான் எர்த்தா இருந்திருக்கு."

ஆறடிச் செப்புக் கம்பி.
அடிக்கத் தோட்ட அனுமதி வேண்டுமாம்.
எத்தனை அடி, எதற்கு,
பிறகு பிடுங்கிவிடுவீர்களா என்று கேட்டார் கிளார்க் ஐயா.
எழுத்தில் தாருங்கள்.
தந்தேன். நான்கு மாதம்.

பெரட்டு இல்லாத ஒரு ஞாயிறு
லீக்ஸ் பாத்திக்கு ஓரமாய் நானே அடித்தேன்.
இரண்டடி வெண்ணெய், அப்புறம் கல்,
இடம் மாற்றி மறுபடி.
கரியும் உப்பும் கரைத்து ஊற்றினேன்.
வாட்சர் வந்து நின்றார்: "செய்வினையா?"
கிட்டாருக்கு, என்றேன்.
அது அவரை இன்னும் பயமுறுத்தியது.

முதலாவது சுவிட்ச். ஒரு நிமிஷம்.
இரண்டாவது.
பழுதாகிவிட்டதென்றே நினைத்தேன்,
அவ்வளவு அமைதி.
தந்திகளிலிருந்து கையை எடுத்தேன்.
எடுத்தபடியே இருந்தேன்.
பீலிக்கரையில் யாரோ வாளியைக் கீழே வைத்தார்கள்.

கம்பியின் தலை இன்னும் நான்கு விரல் நீட்டிக்கொண்டிருக்கிறது.
கிளார்க்கின் பதில் நேற்று வந்தது.
அம்புக்கு ஒரு கால் ஆட்டம்.
நாலாய் மடித்து அடியில் கொடுத்தேன்,
நிற்கிறது.