கடைசி முறை

தேவகோட்டையில், ஊருணிக்கு வடக்கே,
மூன்று பங்காளிகள் கோர்ட்டில் களைத்துப்போய்
ஒரு டிரஸ்ட்டுக்கு எழுதிக் கொடுத்த வீடு
இப்போது அருங்காட்சியகம்.
நுழைவுக் கட்டணம் ஐம்பது. மாணவர்க்கு இல்லை.

அன்று இரண்டாம் கட்டில் திரை கட்டினோம்.
புரொஜெக்டர் சாய்ந்தது. பேரேடு இரண்டை முட்டுக் கொடுத்தோம்
(காட்சிப் பொருள்தான், காப்பாளர் உமையாள் பார்க்கவில்லை).
ஒன்பதாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு,
நாற்பத்தொரு பேர், தரையில்.

திரையில் வேரா லோவி.
தொண்ணூற்று மூன்று வயது. ஹைஃபாவில் காலை எட்டு மணி.
கம்பளிச் சட்டையில் ஒரு பொத்தான் மாறிப் போட்டிருந்தார்.

நான் ரங்கூன் பத்திரங்களைத் தமிழாக்கி
வழக்குக்குக் கொடுப்பவள்.
மேற்படியார், மேற்சொன்ன சொத்து, நாலெல்லை.
அவற்றில் எனக்கு இடமில்லை.
இங்கே அவர் ‘நான்’ என்றால்
நானும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும்.
‘அவர் சொல்கிறார்’ என்று சேர்க்கக் கூடாது.
முன்கூட்டியே கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே, நான் பிராகில் பிறந்தேன்.
என் அப்பா பியானோவுக்குச் சுருதி கூட்டுபவர்.
நான் யூதப் பெண் என்பது
பள்ளியில் என் பெயரை அடித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.
என் தம்பி பெயரைச் சொல்ல மாட்டேன். கேட்காதீர்கள்.

‘நான்’ எளிது.
அதன் பன்மையில்தான் தடுக்கிற்று.
அவருக்கு அது ஒற்றைச் சொல்.
எனக்கோ நாங்கள் என்றும் உண்டு, நாம் என்றும் உண்டு.
கேட்கிறவர்களை முகப்போடு நிறுத்துவதா
வளவுக்குள் விடுவதா,
வாக்கியம் முடியுமுன் முடிவெடுக்க வேண்டும்.
நாங்கள் ரயிலில் ஏற்றப்பட்டோம்.
நாங்கள், நாங்கள் என்றே போனேன்.
பிள்ளைகள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

பாதியில் அவர் நிறுத்தினார்.
கண் எங்களைத் தாண்டிப் பின்சுவருக்குப் போயிற்று.
அங்கே அலமாரி நிறைய எனாமல்,
கப்பலில் வந்த சீர்ச் சாமான். ‘தொடாதீர்கள்’.
நீல விளிம்புக் கிண்ணம், அதை எடுக்க முடியுமா?

உமையாள் என்னைப் பார்த்தார். நான் பலகையைப் பார்த்தேன்.
அதற்குள் இன்பக்குமார் எடுத்துவிட்டான்.
தட்டு என்றார். பேனாவால் தட்டினான்.
‘டக்’கென்று ஒரு சத்தம், நீளவில்லை.
இதுதான், என்றார்.
அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

ஐந்து பேருக்கு இப்படி ஒரு கிண்ணம், என்றேன் நான்.

கடைசி வரிசையிலிருந்து அஸ்மத் நிஷா கேட்டாள்:
‘யார் முதலில் குடிப்பீங்க?’

வேரா சிரித்தார். நல்ல கேள்வி.
முதல் முறைக்கு யாரும் ஆசைப்படவில்லை, குட்டி.
மேலே வெறும் தண்ணீர்.
உருளைக்கிழங்கு இருந்தால் அது அடியில்.
கடைசியாகக் குடிக்கத்தான் நாங்கள் சண்டை போட்டோம்.
முறை வைத்தோம். வியாழக்கிழமை ரூத்துடைய முறை.

பிள்ளைகளும் சிரித்தார்கள்.

ஒரு வியாழன் காலை ரூத்தைக் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள்.
மதியம் கிண்ணம் வந்தது.
மற்ற மூவரும் குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார்கள்.

அடுத்த வாக்கியம் இங்கிலீஷில் ஐந்தே சொல்.
மைக்கை மாற்றிப் பிடித்துக்கொண்டேன்.
நாற்பத்தொரு முகத்தைப் பார்த்துச் சொன்னேன்:
நான் குடித்தேன்.
கெட்டியாக இருந்தது.

மின்விசிறியின் கட்கட சத்தம்.
அவர் மெல்ல ஏதோ சொன்னார்,
பசித்தால் என்ன ஆகிவிடுகிறோம் என்பது போல.
அந்தப் பன்மை என் வாயில் வந்து நின்றது.
ஒரு வினாடி. இரண்டு வினாடி.
‘நாம்’ என்றேன்.
சரியா என்று இன்னும் தெரியவில்லை.

பன்னிரண்டரைக்கு இணைப்பு முடிந்தது.
ரெவின்யூ ஸ்டாம்பில் கையெழுத்துப் போட்டேன்:
மொழிபெயர்ப்பு, ஒரு மணி நேரம்.
வெளியே வேப்பமரத்தடியில்
அண்டாவில் சாம்பார் சாதம் வந்து இறங்கியிருந்தது.
கரண்டியோடு சமையல்காரர் கூப்பிட்டார், ‘வரிசையா வாங்கப்பா.’

வரிசை வெகுநேரம் நிற்கவே இல்லை.
ஒவ்வொருவரும்
மற்றவர் பின்னால் போய் நின்றார்கள்.