மூன்றுக்கு நான்கு

மின்கலத்தை அக்குளில் வைத்துக்கொண்டு
மேடு ஏறுகிறேன்.
மைனஸ் இருபத்தெட்டு.
கேமராவில் போட்டால் பதினோரு படம்,
பிறகு மூச்சை விட்டுவிடும்.
மறுபடி அக்குள். மறுபடி காத்திருப்பு.
பள்ளியில் முதல் நாள் பாடமே இதுதான்.
ஒளியெல்லாம் மூன்றாம் வாரம்.

பள்ளி என்றால்
உலான்பாத்தரின் வடக்கு ஓரத்தில்
யாருக்கும் வேண்டாத ட்ராலிபஸ் கொட்டகை.
தரையில் எண்ணெய்க் கறை, ஏழு கேமரா,
இருபத்தொரு பேர்,
எல்லோரும் மேட்டுக் கூடாரங்களிலிருந்து.
எல்லோர் சட்டையிலும் ஒரே நிலக்கரி வாசனை;
பேருந்தில் பக்கத்து ஆள் எழுந்து நகரும்வரை
அது எங்களுக்கே தெரியாது.

எங்கள் கேமரா மூன்று பேருக்கு:
மாரால், துவ்ஷின், நான்.
செவ்வாயும் வெள்ளியும் என்னுடையவை.
அதன் உள்ளே எங்கோ ஒரு தூசு.
ஊதினோம், தட்டினோம், போகவில்லை.
எடுக்கிற வானத்தில் எல்லாம்
வலது மூலையில் ஒரு புள்ளி.
ஈ என்று பெயர் வைத்தான் துவ்ஷின்,
குளிரிலும் சாகாத ஈ.

இம்முறை பயிற்சி, உன் தெருவின் முகங்கள்.
தண்ணீர்க் கடை வரிசையில் நின்ற
தூலம்சுரேனிடம் கேட்டேன்.
கேனைக் கீழே வைக்காமலே சொன்னாள்:
"எடு. ஆனால் மூன்றுக்கு நான்கு எடு.
விண்ணப்பத்தில் ஒட்ட வேண்டும்.
கடைக்காரன் நாலாயிரம் கேட்கிறான்."

இங்கே அதை நெஞ்சுப்படம் என்பார்கள்.
காது தெரிய வேண்டும். சிரிக்கக் கூடாது.
பின்னால் வெள்ளை.

பையில் கட்டிய கேமரா
கூடாரத்தின் சூட்டுக்குப் பழக அரைமணி நேரம்;
அவசரப்பட்டுப் பிரித்தால் லென்ஸ் வியர்த்துவிடும்.
அந்த அரைமணியில்
உப்புத் தேநீர் ஊற்றினாள்.
பனி இறுகிப் புல்லை மூடிய வருடம்
முன்னூற்று நாற்பது ஆடுகளை
எண்ணி எண்ணி அடுக்கியதைச் சொன்னாள்,
விறகு அடுக்கியதைச் சொல்வதுபோல.
பிறகு போர்வையைத் தூணில் கட்டி
அதன் முன்னால் உட்கார்ந்து
முகத்திலிருந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டு
"ம்" என்றாள்.

படத்தில் ஆடுகள் இல்லை.

வெள்ளிக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது.
பதினேழு பேர்.
செருப்புத் தொழிற்சாலைக்கு,
ஆஸ்பத்திரியில் கூட்டுகிற வேலைக்கு, இரவுப் பள்ளிக்கு,
எதற்கென்று சொல்லாமல் இரண்டு பேர்.
யாரிடமோ இருந்தது ஒரு நீலக் கழுத்துப்பட்டை;
ஒன்பது ஆண்களும் அதற்குள் நுழைந்து வெளியே வந்தார்கள்.

பதினேழையும் கொட்டகைச் சுவரில் ஒட்டினேன்.
கண்காட்சிக்குத் தேர்ந்தெடுக்க வந்தவர்
நெடுநேரம் நின்று பார்த்தார்.
"புகை எங்கே?" என்றார்.
புகைப்படம் என்றால் புகை வேண்டும் போலிருக்கிறது.
மாராலுடையதைக் கழற்றிக்கொண்டார்.
நியாயம்தான்:
விடியலில் ஆயிரம் குழாய்கள் புகைய
அடியில் ஒரு சிவப்புச் சைக்கிள்.
என்னைக் கேட்டிருந்தாலும் அதையே காட்டியிருப்பேன்.

ஆனால் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பினால்
மூலையும் கூடவே திரும்பும் என்று
நான் யோசித்திருக்க வேண்டும்.
வானத்து ஈ
பதினேழு நெஞ்சிலும் வந்து உட்கார்ந்திருந்தது,
இடப்பக்கம், எல்லோருக்கும் ஒரே இடத்தில்.
பார்த்தபோது காகிதம் தீர்ந்திருந்தது.
விண்ணப்பங்களுக்குக் கடைசி நாள் மறுநாள்.
அப்படியே ஒட்டினார்கள்.

செருப்புத் தொழிற்சாலை மேலாளர்
ஐந்து விண்ணப்பங்களை மேசையில் பரப்பி
"எல்லோரும் ஒரே குடும்பமா?" என்று கேட்டாராம்.
"இல்லை" என்றாளாம் தூலம்சுரேன்.
"ஒரே கேமரா."

மூன்று பேருக்கு வேலை.
மற்ற இருவரும் வேறெங்கோ விண்ணப்பிக்க
நேற்று மறுபடி வந்தார்கள்,
அதே போர்வை, அதே நீலப் பட்டை.
இந்த முறை கணினியில் அழித்துவிடலாம்,
இப்போது எனக்குத் தெரியும் என்றேன்.
ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஈ இருக்கட்டும் என்றார்கள்.