தட்டில் இருந்தவை

கதவுக்கு வெளியே நிற்பது என் வேலை.
கையில் வாள்; முனை மழுங்கி எத்தனையோ காலம்.
ஹிபாராவில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி,
உப்புக்காற்று இன்னும் தின்று முடிக்காத மாடியில்
மாதம் இருமுறை கூடும் எங்கள் மேசன் சபை.
கல்லைத் தொட்டேயிராத கொத்தனார்கள் நாங்கள்:
ஒரு பல் மருத்துவர், ரொட்டி சுடும் இருவர்,
துறைமுகக் கணக்கர், குளிர்பெட்டி பழுதுபார்க்கும் நான்.
மூலைமட்டமும் கவராயமும் சுவரில் தொங்கும்.

இன்று புதியவன் வருகிறான். லியோஸ்வெல்.
மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றுகிறவன்.
முன்னறையில் அவனைத் தயார்செய்வதும் என் பொறுப்பு.
இடது கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினேன்.
ஒரு செருப்பைக் கழற்றச் சொன்னேன்.
உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது.
தட்டை நீட்டினேன்:
சில்லறை ஏழு, சாவி, பெல்ட் கொக்கி,
எஃகு லைட்டர் ஒன்று, பெட்ரோல் வாசனையோடு.
மோதிரம் மட்டும் வர மறுத்தது.
சோப்பு இருந்தால் வழுக்கும்; சோப்புக்கு எங்கே போவது?
கீழ்வீட்டில் கெஞ்சி
சமையல் எண்ணெய் இரண்டு சொட்டு.
"அவள் கேட்டால்?" என்றான்.
"இரண்டு மணி நேரம்தான்" என்றேன்.
கண்ணைக் கட்டினேன். கழுத்தில் கயிறு.
முடிச்சைக் கொஞ்சம் இறுக்கிவிட்டேனோ என்று
இப்போது தோன்றுகிறது.

சொல்லிவிடுகிறேன்.
போன கோடையில் இவன் சுற்றித்தந்த மோட்டார்
ஒன்பதே நாளில் புகைந்தது.
பணம் திரும்பவில்லை. கேட்டபோது சிரித்தான்.
வாக்குப்பெட்டி என் முன்னே வந்த இரவில்
கறுப்பு உருண்டை ஒன்று
உள்ளங்கையில் நெடுநேரம் வேர்த்தது.
ஒன்று போதும், ஒருவனுக்குக் கதவை அடைக்க.
வெள்ளையைப் போட்டேன்.
பெருந்தன்மை என்று எழுதிக்கொள்ள வேண்டாம்.
பின்னால் நின்ற ரொட்டிக்காரர் இருமினார்,
அவசரத்தில் கை எதை எடுத்ததோ அதுதான்.

மூன்று தட்டு.
கதவு அவனை வாங்கிக்கொண்டு மூடியது.
இனி எனக்குக் காது மட்டும்.
முப்பது வருடமாக இப்படித்தான்,
பிரசவ அறைச் சுவருக்கு இப்பால் நிற்கிறவன் போல.

காலடி. கேள்வி. முணுமுணுப்பாய்ப் பதில்.
ஏழைகளுக்கு ஏதாவது தருவாயா என்கிறார்கள்.
பையைத் தடவும் சத்தம்.
ஒன்றுமில்லை என்கிறான்.
அவனுடைய ஏழு காசும் என் மடியில்.

பிறகு சபைத்தலைவர் அபெலார்தோவின் குரல்:
"உனக்கு வேண்டியது என்ன?"
"ஒளி."
அந்தச் சொல்லோடு சொல்லாய் மின்சாரம் போனது.

தெரு முழுக்க ஒரே பெருமூச்சு.
எதிர்வீட்டில் யாரோ மின்வாரியத்தின் தாயை இழுத்தார்கள்.
உள்ளே இருபது பேர் அசையவில்லை.
கண் கட்டியிருந்தவனுக்கு மட்டும்
எதுவும் மாறவில்லை.
"ஒளி" என்றான் மறுபடி,
முதலில் சொன்னது கேட்கவில்லையோ என்று.

சடங்கில் இதற்கு வாசகம் கிடையாது.
மெழுகு விலை ஏறிய பிறகு
பீடங்களில் பல்பு மாட்டியிருந்தோம்.
யாரோ துழாவி ஒரு பழைய துண்டுத் திரியை எடுத்தார்;
ஈரத்தில் தீக்குச்சிகள்
ஒவ்வொன்றாய் மண்டை நொறுங்கும் சத்தம்.

வாளைக் கீழே வைத்தேன். வைக்கவே கூடாது.
தட்டைத் தடவினேன்: காசு, சாவி, பிசுபிசுத்த மோதிரம்.
கதவை மூன்று முறை தட்டி
இடுக்கு வழியே லைட்டரை நீட்டினேன்.

நான்காவது உரசலில் பிடித்தது.
கண்கட்டை அவிழ்த்த நொடியில்
கதவை மூட யாருக்கும் நினைவில்லை.
முதன்முறையாகப் பார்த்தேன்,
ஒரு முகம் வெளிச்சத்தை எப்படி வாங்குகிறது என்று.
பெரிதாய் ஒன்றுமில்லை. கூசிற்று.
ஒரு கண் முந்தித் திறந்தது, மற்றது பின்தங்கியது.
பிறகு சுடருக்குக் கீழே
தன் லைட்டரை அடையாளம் கண்டு சிரித்தான்.
மோட்டார் நாளின் அதே சிரிப்பு.
அன்றும் அதில் கெடுதல் இல்லை என்று
சத்தியம் செய்ய மாட்டேன்.

பதினொன்றரைக்குச் சர்க்கரையில்லாக் காப்பி.
ஆட்டுத்தோல் ஏப்ரன் அவனுக்கு ஒரு பிடி பெரிது.
தட்டைக் கொடுத்து, "எண்ணிக்கொள், சகோதரா" என்றேன்.
அந்தச் சொல் புதுச்செருப்பாய்க் கடித்தது.
எண்ணாமல் அள்ளிப் பையில் போட்டான்.
மோதிரத்தை மட்டும் உடனே மாட்டினான்.
படியிறங்கும்போது,
"அந்த மோட்டாரைக் கொண்டு வாங்க" என்றான்.
எப்போது என்று சொல்லவில்லை.

மின்சாரம் இன்னும் வரவில்லை.
வாளை எங்கே வைத்தேன் என்று
தரையைத் தடவிக்கொண்டிருந்தேன்.