பதினொரு சென்டிமீட்டர்

நீர் வற்றுவது பதினொன்று நாற்பதுக்கு என்று
இரவே பார்த்துச் சொல்லியிருந்தான் பிரதீபன்.
அது நேற்றைய அட்டவணை.

டப்ளின் தாண்டி, உப்புப் பொருக்கு வெளுத்த வெளி தாண்டி
தாம்சன் கடற்கரையில் நாங்கள் இறங்கியபோது
கடல் இன்னும் வீட்டில்தான் இருந்தது,
வாசல்வரை நிறைந்து,
எழும்பும் எண்ணமே இல்லாமல்.

ஜனவரி. முப்பத்தெட்டுப் பாகை.
திரும்பக் காருக்குள் ஏறிக் குளிர்காற்றைப் போட்டோம்.
பாணும் சம்பலும் பத்து நிமிடத்தில் முடிந்தது.
"எப்ப போகும்?" என்பாள் யாதவி.
"போகும்" என்பான் நிலவன்,
இரண்டு வயதுக்குத் தெரிந்த பதில்.
"எப்ப போகும்?"
"போகும்."
இப்படியே ஐம்பது நிமிடம்.
நாங்கள் இருவரும் சண்டை பிடிக்கவில்லை.
பிடிக்கவேண்டியதையெல்லாம்
வெயில் களிம்பாய்ப் பிதுக்கி
பிள்ளைகளின் பின்கழுத்தில், காதுமடலில்
தேவைக்கு மேலாகவே பூசினோம்.

பார்த்துக்கொண்டே இருந்தும்
அது போனதை யாரும் பார்க்கவில்லை.
அரைக் கிலோமீட்டருக்கு ஈர மணல்,
வரி வரியாய்த் தேங்கிய வெளிச்சம்.
எங்களுக்கு முன்பே ஒரு வியட்நாமியக் குடும்பம்
முழங்காலளவு நீரில் குனிந்து நின்றது,
ஆளுக்கொரு வாரியோடு.

எங்கள் தொட்டி, நிலவனைக் குளிப்பாட்ட வாங்கியது.
கயிறு கட்டி என் இடுப்பில் முடிந்து
நண்டுக்கென்று மிதக்க விட்டதும்
"என்ர!" என்று அலறினான்
அப்பாவின் தோளிலிருந்து, கடல் முழுவதற்கும் கேட்க.

வாரியின் பல்லில் ஏதோ உயிரோடு இடறியது.
நீலம்.
எந்தச் சேலைக் கடையிலும்
இப்படியொரு நீலத்தை எடுத்துக் காட்டச் சொல்ல
எனக்குத் தெரிந்திருக்காது.

அளவுகோல் யாதவியிடம்.
மஞ்சள் பிளாஸ்டிக், நடுவில் ஒரு வெட்டு.
வெட்டுக்குள் பொருந்தினால் சின்னன், கடலுக்கு.
பொருந்தாவிட்டால் எங்களுக்கு.
இருபத்தேழு பிடித்தோம்.
இருபத்துமூன்றைத் திருப்பி விட்டாள்.
"கொஞ்சம் சரிச்சுப் பிடி பிள்ளை, அது காணும்"
என்று கெஞ்சினான் அப்பா.
"காணாது" என்றாள்,
கண்ணைக்கூட உயர்த்தாமல்.

வயிற்றில் மஞ்சள் பஞ்சுபோல முட்டையோடு
ஒன்று வந்தது.
அதை அளக்கவில்லை அவள்.
வாரியை மெல்லச் சாய்த்து
"போங்கோ" என்றாள்.
என்னிடம்கூட அவள் அவ்வளவு மரியாதையாய்ப் பேசியதில்லை.

கரைக்கு வந்து காலுதறும்போது
தம்பியின் பாதத்தைப் பிடித்து
வெட்டுக்குள் வைத்துப் பார்த்தாள்.
பெருவிரல் வெளியே நின்றது.
இன்னொருமுறை, நேர்மையாக.
"இவன் பெரிசு. வச்சிருக்கலாம்."
பிரதீபன் சிரித்த சிரிப்பில்
குடித்த தண்ணீர் மூக்கால் வந்தது.
எங்களை அவள் அளக்கவில்லை.
கேட்கவும் எங்களுக்குத் துணிவு வரவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம்
பின்னிருக்கையில் இருவரும் வாய் திறந்து உறக்கம்.
அதற்கும் பின்னால் குளிர்ப்பெட்டிக்குள்
நாலு பேர் விழித்திருந்து சுரண்டும் ஓசை.
சோல்ஸ்பரி வெளிச்சச் சந்தியில், சிவப்பில்,
"அது நேற்றைய அட்டவணைதான்" என்றான் பிரதீபன்.
தெரியும் என்றேன்.

இப்போது இரவு எட்டு.
அந்தத் தொட்டியில்தான் குளிப்பேன் என்று
நிலவன் ஏறி உட்கார்ந்திருக்கிறான்.
சவர்க்காரம் போட்டு மூன்றுமுறை தேய்த்தும்
நண்டு மணம் போகவில்லை.
இரண்டு முழங்காலும் முகவாயில் இடிக்கின்றன,
திரும்ப இடமில்லை,
இறங்கமாட்டானாம்.
யாதவி பல்லுக்குத் தூரிகை வைத்தபடி
ஒன்றும் சொல்லாமல் பார்க்கிறாள்.
நான் குளியலறை வாசலில், கையில் கரண்டி.
அடுப்பில் கறி கொதித்துவிட்டது,
முருங்கையிலை இன்னும் போடவில்லை.