தண்ணிக் கழிவு

படகு பதினொரு அடி நாலு அங்குலம்.
நாங்கள் ஆறு பேர் புரண்டு வளர்ந்த காம்பரா
பத்துக்குப் பன்னிரண்டு.
அதனால் இடம் போதுமா என்று
லோகுவிடம் யாரும் கேட்கவில்லை.

பாரந்தான் பேச்சு.
சின்னப் படகுக்குக் கடல் பகையில்லை,
சுமைதான் பகை என்பான்.
பல்துலக்கியின் காம்பைப் பாதியாய் அரிந்தான்.
கடல் வரைபடத்தின் ஓரங்களைக் கத்தரித்தான்,
போகாத நாடுகளை எதற்குச் சுமப்பது என்று.
ஒவ்வொன்றையும் மடுவத்துக்குத் தூக்கி வந்தான்,
கொழுந்து ஏறி இறங்கும் என் முள்ளுத்தராசுக்கு.

நான் நிறுவைக்காரி.
சாக்குக்கு ஒன்று, தண்ணிக்கு இரண்டு,
மழையென்றால் மூன்று.
துரை சொன்ன கழிவை ஒன்பது வருசமாய்
எவள் முகத்தையும் பார்க்காமல் எழுதுகிறேன்.
அந்தத் தண்ணியையெல்லாம் ஓரிடத்தில் ஊற்றியிருந்தால்
இவன் காலித் துறைமுகம் போயிருக்க வேண்டாம்,
மஸ்கெலியாவிலேயே பாய் விரித்திருக்கலாம்.

முதலில் விரித்ததும் இங்கேதான்,
மவுசாக்கலைத் தண்ணியில், ஒரு மார்கழி விடியலில்.
கரையில் நின்ற பொலிஸ்காரர் “மீனுக்கா?” என்றார்.
“இல்லை, ரொட்ரிகஸுக்கு” என்றான்.
அது என்ன மீன் என்று அவர் கேட்டதைச் சொல்லி
லயமே இன்றைக்கும் சிரிக்கிறது.

பட்டியலில் தண்ணி எண்பது லீற்றர்,
அவல், பருப்பு, நெத்தலிக் கருவாடு,
பாய் தைக்க ஊசி, ஒரு வாளி.
தேயிலை இல்லை.
“நாற்பது நாளும் தேத்தண்ணி இல்லாமலா?”
“அந்தக் கால் கிலோவுக்குக் கால் லீற்றர் தண்ணி கொண்டு போவேன், அக்கா.”

ஒன்பது வருசத்தில் முதல் தடவை
கழிவைத் திருப்பிப் போட்டேன்.
கால் கிலோ டஸ்டை அவல் சாக்கின் அடியில் சொருகி
கொப்பியில் எழுதினேன்: சாக்குப் பாரம்.

போனான்.
இரவு ஏழுக்கு, கோயில் மேட்டில் மட்டும் சிக்னல்:
வடக்கே ஐந்து பாகை.
வடக்கே மூன்று.
ஒன்று.
பிறகும் ஒன்று.
பதினோரு நாளும் ஒன்று.
பூமியின் இடுப்பில் காற்று செத்துக் கிடக்கும் இடம் அது.
அவன் ரஞ்சிதம் கொடியில் காயும் சேலை
அசைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான்
அடுப்பு மூட்டுவாள்.

பன்னிரண்டாம் நாள் அந்த ஒன்றும் வரவில்லை.

மறுநாள் எட்டாம் நம்பர் மலை, அடைமழை.
முதல் சாக்கு மாரியாயியுடையது, இருபத்தொன்று.
மூன்று கழிக்க வேண்டும்.
பேனை தொட்ட இடத்தில் மை ஊறி ஊறிப் பெருத்தது.
இருபத்தொன்று என்றே எழுதினேன்.
அடுத்தவளுக்கும் முள் காட்டியதையே.
அதற்கடுத்தவளுக்கும்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
வரிசை மட்டும் மெதுவாய் நகர்ந்தது,
ஒவ்வொருத்தியும் கொப்பியை எட்டிப் பார்த்து நின்றதால்.

அன்றிரவு மேட்டில், குடைக்குள்:
“தெற்கே அரை. காத்து வந்திருச்சு.
படகு ஏன் ஒரு மயிரிழை தாழ்ந்து போகுதுன்னு
யோசிச்சிக்கிட்டே வந்தேன், கள்ளி.
தண்ணி கொதிக்குது.”

காலையில் கொப்பியோடு ஒப்பீசுக்கு வரச் சொல்லி
துரை ஆள் அனுப்பியிருக்கிறார்.
ரஞ்சிதத்தின் சேலை
கொடியைப் பிய்த்துக்கொண்டு அடிக்கிறது.